கை தூக்கிக் கிடைக்கும் பதவி

அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் சட்டம் கொடுத்த ஒரு குழு உண்டு. கோப்புகளில் அதன் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு, பேச்சில் எஸ்.எம்.சி. 2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதை உருவாக்கியது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. மிச்ச இடங்களில் தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், கல்வி ஆர்வலர் ஆகியோர் வருகிறார்கள். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோர்தான். கூட்டத்தைக் கூட்டுவதும் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வதும் தலைமையாசிரியரின் பொறுப்பு.

கோவையின் சிங்காநல்லூரில் இதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. திருச்சி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் மில் தொழிலாளி, லேத் பட்டறைக்காரர், பம்ப் கம்பெனியில் அசெம்பிளி வேலை பார்க்கும் பெண், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர், வடக்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம் என்று பலரும் கலந்து வாழ்கிறார்கள். இவர்களில் வசதி கூடியவர்கள் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அரசு உதவி பெறாத அந்தப் பள்ளிகளுக்கு 21-ஆவது பிரிவு பொருந்தாது. வருடத்துக்குப் பல ஆயிரங்கள் கட்டும் பெற்றோருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் நிர்வாகத்தில் ஒரு நாற்காலியும் இல்லை. ஒரு ரூபாய்கூடக் கட்டாத பெற்றோருக்கு இருக்கிறது. இது பலருக்கும் தெரியாது, நாற்காலி கிடைத்தவர்கள் உட்பட.

பள்ளியை ஊர் நடத்துவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1884-ஆம் ஆண்டின் சென்னை தல ஸ்தாபனச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிகளை நடத்தின. வயதானவர்கள் இன்றும் சில பள்ளிகளை ‘போர்டு ஸ்கூல்’ என்றே சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தை ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. 1981 ஜூனில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஊருக்கோ, வாத்தியாரை நேரில் கேட்கும் பிடி தளர்ந்தது. அதே 1981-ல்தான் தனி நகராட்சியாக இருந்த சிங்காநல்லூர், புதிதாக அமைந்த கோவை மாநகராட்சியில் இணைந்தது.

நடுவில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வந்தது. பி.டி.ஏ. தலைவர் பதவி பெரும்பாலும் உள்ளூர்ப் பிரமுகருக்குரியது. ஆண்டு விழாவில் மேடை நாற்காலியும் அழைப்பிதழில் பெயரும் அவருக்குக் கிடைக்கும். பதிலுக்குப் பள்ளிக்கு ஒரு மின்விசிறியோ பீரோவோ கிடைக்கும். பல பள்ளிகள் இப்படி வாங்கிய பொருட்களால்தான் ஓடின என்பதால் அந்த அமைப்பைக் குறைத்துப் பேச முடியாது. 2000-களில் சர்வ சிக்ஷா அபியான் திட்டத்தோடு கிராமக் கல்விக் குழு வந்தது. இவை எல்லாம் அரசாணையில் பிறந்தவை. நாடாளுமன்றச் சட்டத்தின் பலத்தோடு வந்தது எஸ்.எம்.சி.தான். இன்றும் பி.டி.ஏ., எஸ்.எம்.சி. இரண்டும் ஒரே பள்ளியில் இருக்கின்றன. எது எதைச் செய்யும் என்பதில் பெற்றோருக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் அவ்வப்போது குழப்பம் வருவதுண்டு.

தமிழ்நாட்டில் சட்டத்துக்கான விதிகள் 2011-ல் வந்தன. குழுக்களும் அமைந்தன. ஆனால் முதல் பத்தாண்டில் அவை பெரும்பாலும் காகிதத்தில் இருந்தன. மாற்றம் தெரிந்தது 2022-ல். ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் அரசு இயக்கம் நடத்தியது. மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதன் பின் ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாக, 20 உறுப்பினர் கொண்ட குழுக்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. குழுவின் காலம் இரண்டு ஆண்டு. 2024 ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமைகளில் அடுத்த தேர்தல் நடந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆக உயர்ந்தது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

தேர்தல் என்றதும் சுவரொட்டியும் ஆட்டோ மைக்கும் நினைவுக்கு வர வேண்டாம். டெபாசிட் கிடையாது, சின்னம் கிடையாது, கட்சியின் பெயரில் நிற்கவும் முடியாது. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். அறிவிப்பு வந்த நாளில் பெற்றோர் பள்ளி வளாகத்தில் கூடுகிறார்கள். மரத்தடியிலோ வகுப்பறையிலோ பாயும் பெஞ்சும் போட்டு உட்காருகிறார்கள். விதிமுறை வாசிக்கப்படுகிறது. பெயர்கள் முன்மொழியப்படுகின்றன. பெரும்பாலும் ஏகமனதாகவோ கை தூக்கியோ விஷயம் முடிந்துவிடும். அதிலும் பெரும் பகுதி கூட்டத்துக்கு முன்பே முடிந்திருக்கும். தினமும் பிள்ளையை விட வரும், கேட்டால் மறுக்காத, அதிகம் கேள்வி கேட்காத நாலைந்து தாய்மாரை ஆசிரியர்கள் மனதில் வைத்திருப்பார்கள். “நீங்க நில்லுங்கம்மா, ஒண்ணும் வேலை இருக்காது, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்ற அழைப்பு பல பள்ளிகளுக்குப் பொது. கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை; ஆள் கிடைக்காத சங்கடத்தில் சொல்லப்படுவது. ஆனாலும் பதவி தொடங்கும்போதே அதன் அளவு அதில் குறுகிவிடுகிறது. போட்டியிட்டு வந்தவருக்கும் பிடித்து உட்கார வைக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாடு முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

உண்மையில் வேலை நிறையவே இருக்கிறது. சட்டம் குழுவுக்கு மூன்று பெரிய பணிகளைத் தருகிறது: பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைச் சேர்ப்பது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வேண்டிய வசதி, மதிய உணவு, ஆசிரியர் நேரத்துக்கு வருவது எல்லாம் கண்காணிப்புக்குள் அடங்கும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. உப்புமாவில் காய்கறி இருக்கிறதா என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை. குழுவின் வேலைகளில் தாய்மார்கள் தயக்கமில்லாமல் பேசுவது இதில்தான்.

கூட்டம் மாதத்துக்கு ஒருமுறை, பொதுவாக வெள்ளிக்கிழமை பிற்பகலில். ஆசிரியருக்கு வசதியான நேரம், அதிகாரிகளுக்கும் வசதி. ஆனால் கோவையின் கிழக்குப் பகுதியில் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது பட்டறையில் வேலை மும்முரமான நேரம். வாரச் சம்பளம் சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் பாதியில் கிளம்பினால் கூலியில் பிடிப்பு விழும். முதல் ஷிப்ட் முடித்து வரும் மில் தொழிலாளி வேண்டுமானால் நேராக வரலாம், அதுவும் தூக்கக் கண்ணோடு. வீட்டு வேலைக்குப் போகிறவர் இரண்டு வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும். கூட்டத்துக்கு வருவதற்குப் படித்தொகை கிடையாது. ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்லப்படும் பல இடங்களில் குறைந்திருப்பது நேரம். கூட்டத்தை மாலை ஐந்தரைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றினால் வருகிறவர்களின் முகங்கள் மாறும் என்பது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை.

வந்தவர்கள் முன் முதலில் சுற்றி வருவது வருகைப் பதிவேடு. கையெழுத்து கூட்டத்தின் தொடக்கத்திலேயே வாங்கப்படும். தீர்மானம் பிறகு எழுதப்படும், சில சமயம் எல்லோரும் போன பிறகு. விதிகளின் சாரமே இந்த இடத்தில்தான் நழுவுகிறது. மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி, மாதம் ஒருமுறையாவது கூட்டம் நடக்க வேண்டும், தீர்மானங்கள் முறையாகப் பதிவாக வேண்டும், பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். மினிட்ஸ் நோட்டு தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் பூட்டி வைக்க வேண்டிய ரகசியம் அல்ல. எழுதிய தீர்மானத்தை எல்லோர் முன்னும் உரக்க வாசித்து, அதன் அடியில் கையெழுத்து வாங்கும் பள்ளிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் கால் மணி நேரம்தான் வித்தியாசம்.

தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது என்பதிலும் நிறைய அடங்கியிருக்கிறது. “கழிப்பறை வசதியை மேம்படுத்தக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று ஒரு வரி எழுதினால் அது எந்த அலுவலகத்திலும் யாரையும் அசைக்காது. அதையே இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: பெண் பிள்ளைகள் 140 பேர், இயங்கும் கழிப்பறை இரண்டு, மேல்நிலைத் தொட்டி மோட்டார் பழுதாகி மூன்று வாரம் ஆகிறது, மாநகராட்சி உதவிப் பொறியாளருக்கு இந்தத் தேதிக்குள் மனு, கொண்டுபோய்க் கொடுப்பவர் துணைத் தலைவர், அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் இதுவே. இப்போது எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, போகிற ஆள் இருக்கிறார், மனுவின் நகலும் கையில் இருக்கும். அதிகாரி மாறினாலும் தாள் மாறாது. தீர்மானங்களையும் பள்ளியின் தேவைகளையும் பதிவு செய்ய அரசு ‘டி.என்.எஸ்.இ.டி. பேரண்ட்ஸ்’ என்ற செயலியை வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் பழகிய தாய்க்கு அது கடினமான வேலை இல்லை. ஆனாலும் பல இடங்களில் தலைவரின் பெயரில் ஆசிரியரே பதிவு போடுகிறார்.

குழுவின் வேலைகளில் கனமானது மேம்பாட்டுத் திட்டம். சட்டத்தின் 22-ஆவது பிரிவு, பள்ளிக்கு அரசு தரும் மானியங்களுக்கு அடிப்படை இந்தத் திட்டமே என்கிறது. மூன்று ஆண்டுக்கான திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள். நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தயாராக வேண்டும். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், அதற்கு எத்தனை ஆசிரியர் வேண்டும், எத்தனை அறை, எவ்வளவு பணம் என்று கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கின் அளவுகோல்கள் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 150-ஐத் தாண்டினால் ஐந்து ஆசிரியர்களோடு தனித் தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியராவது. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள், நடுநிலை வகுப்புகளுக்கு 220. இந்த எண்கள் எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வரும் பெற்றோர், “ஏனுங்க சார், நம்ம பள்ளிக்கூடத்துல 95 பசங்க இருக்காங்க, டீச்சர் மூணு பேருதானே?” என்று கேட்டால் அது குறை சொல்வது ஆகாது. சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி அது. தலைமையாசிரியருக்கும் அது உதவிதான். மேலிடத்தில் அவர் வாயால் கேட்க முடியாததைக் குழுவின் தீர்மானம் கேட்கும்.

இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் கணக்கும் இதில் வருகிறது. மில் விடுதிகளிலும் கட்டுமானப் பணியிடங்களிலும் தங்கியிருக்கும் இந்தி, ஒடியா, வங்காளி பேசும் பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்தால் அவர்களுக்கான சிறப்புப் பயிற்சியையும் திட்டத்தில் கேட்கலாம். அந்தப் பெற்றோருக்கும் குழுவில் உட்கார உரிமை உண்டு. மொழி தெரியாததால் இதுவரை உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு.

பணத்தைப் பொறுத்தவரை குழு நேரடியாகத் தொடுவது சிறிய தொகையைத்தான். சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. சாக்பீஸ், துடைப்பம், மின்விளக்கு, சின்னப் பழுது என்று போகும் பணம். செலவுக்குத் தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து பொறுப்பு. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர மாநில அரசு மறுத்ததை ஒட்டி, 2024–25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. டெல்லியில் நடக்கும் சண்டைக்கும் ஒரு தெருப் பள்ளியின் துடைப்பச் செலவுக்கும் உள்ள தொடர்பு அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

குழுவுக்குக் கிடைத்த பெரிய அதிகாரம் ஒன்று வந்த வேகத்திலேயே சர்ச்சை ஆனது. 2022-ஆம் கல்வியாண்டின் தொடக்கத்தில், 13,331 காலிப் பணியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பும் பொறுப்பை அரசு எஸ்.எம்.சி.க்களிடம் கொடுத்தது: இடைநிலை 4,989, பட்டதாரி 5,154, முதுகலை 3,188. தொகுப்பூதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி வேலைக்குக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். உள்ளூர்ச் செல்வாக்கு நுழையும் என்ற அச்சமும் எழுந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. பிறகு தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று நெறிமுறை திருத்தப்பட்டது. ஆசிரியர் தேர்வு என்ற சிக்கலான வேலையைப் பிறந்து சில வாரங்களே ஆன குழுக்களின் தலையில் வைத்தது அவசரம் என்றே சொல்ல வேண்டும்.

பெற்றோர் கையில் அதிகாரம் என்றால் எப்போதும் பிள்ளைக்கு நல்லது என்றும் கொள்ள முடியாது. 2018 ஜூலையில், கோவையிலிருந்து அதிக தூரமில்லாத அவிநாசி வட்டாரத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என்று பெற்றோரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்த உத்தரவு, போராட்டத்துக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது ஏன் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பதற்குக் கொங்கு மண்ணிலேயே கிடைத்த விளக்கம் அது. எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் என்ற வாசகம் இல்லாவிட்டால், ஊரில் யார் சொல் செல்லுமோ அவர்கள் சொல்லே பள்ளியிலும் செல்லும்.

பெண்களுக்குப் பாதி இடம் என்பதிலும் இதே சிக்கலின் வேறு முகம் இருக்கிறது. தலைவர் பதவியில் மனைவி, பேசுவது கணவர் என்ற காட்சி ஊராட்சி மன்றங்களில் பழகிப்போனது. பள்ளிக் குழுவில் அது குறைவு. காரணம் எளிது. பதவியில் பணமோ கான்ட்ராக்டோ பெரிதாக இல்லை, அதனால் கணவருக்கு ஆர்வமில்லை. 1870-இல் இங்கிலாந்தில் பள்ளிப் போர்டுகள் அமைந்தபோதும் இது போன்ற ஒன்று நடந்தது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடப் பெண்கள் 1918 வரை காத்திருந்த நாட்டில், பள்ளிப் போர்டுக்கு அவர்கள் நிற்கலாம் என்று விடப்பட்டது. எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ் இருவரும் அந்த ஆண்டே லண்டன் போர்டுக்குத் தேர்வானார்கள்.

அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களை மக்கள் தேர்ந்தெடுத்த போர்டுகளே நடத்துகின்றன. கூட்டம் திறந்த கதவோடு நடக்கும். ஊர்க்காரர் யாரும் எழுந்து சில நிமிடம் பேசலாம். வரவுசெலவுத் திட்டமும் தலைமை நிர்வாகி நியமனமும் போர்டின் கையில். தமிழ்நாட்டு எஸ்.எம்.சி.க்கு வரி போடும் அதிகாரமும் இல்லை, நிரந்தர நியமனமும் இல்லை. அது ஒரே ஒரு பள்ளியின் குழு. இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபர்தான், அதாவது தலைமையாசிரியர். அங்கே ஆசிரியர் தலைமையில் பெற்றோர், இங்கே பெற்றோர் தலைமையில் ஆசிரியர். ஏட்டளவில் இங்குள்ள ஏற்பாடு பெற்றோருக்கு அதிகம் கொடுக்கிறது.

பள்ளிக்குள் தீராத விஷயம் எங்கே போகும் என்பது நகரத்தில் கொஞ்சம் சுற்றுவழி. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. 100 வார்டு கொண்ட கோவை மாநகராட்சியில், 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுவதும் தொடங்கிய பகுதி சபைதான் அதற்கு இணை. மாநகராட்சிப் பள்ளியில் கட்டடம், குடிநீர், கழிப்பறை போன்றவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. பாடத்திட்டமும் தேர்வும் கல்வித் துறையைச் சேர்ந்தவை. மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று தெரியாமலே பல தீர்மானங்கள் தூங்கிவிடுகின்றன. குழுவில் இடம்பெறும் கவுன்சிலரின் பயன் இந்த இடத்தில் தெரியும். கூட்டத்துக்கு வந்து பொன்னாடை வாங்கிப் போவதை விட, மாநகராட்சிக் கூட்டத்தில் பள்ளியின் தீர்மானத்தை வாசித்தால் வேலை நடக்கும்.

எங்கும் நகராவிட்டால் சட்டத்தின் 32-ஆவது பிரிவு இருக்கிறது. பிள்ளையின் கல்வி உரிமை தொடர்பான எந்தக் குறையையும் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. இதற்குக் குழு உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டால் பெற்றோரின் உறுப்பினர் பதவியும் அதோடு முடிகிறது. அந்த இடத்துக்கு வேறொரு பெற்றோர் வர வேண்டும். 2024 ஆகஸ்டில் அமைந்த குழுக்களின் இரண்டு ஆண்டு 2026 ஆகஸ்டோடு நிறைவடைகிறது. புதிய தலைவர் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வங்கிக் கணக்கில் கையெழுத்தை மாற்றுவதும், பழைய மினிட்ஸ் நோட்டை வாங்கி முடியாமல் கிடக்கும் தீர்மானங்களைப் படித்துப் பார்ப்பதும்.